நச்சுநிரல் தடுப்பித் தேர்வில் வயதும் விலையும்

நச்சுநிரல் தடுப்பி என்பது கணினியிலோ கைப்பேசியிலோ நுழையும் தீங்கான நிரல்களைக் கண்டறிந்து, அவை இயங்காமல் தடுத்து நீக்கும் மென்பொருள். பேச்சு வழக்கில் இதை ஆன்டிவைரஸ் என்கிறார்கள். ஒருவர் இதைக் காசு கொடுத்து வாங்குகிறாரா, இலவசமானதை நிறுவுகிறாரா, ஒன்றும் வேண்டாம் என்று விட்டுவிடுகிறாரா என்பதைப் பல காரணங்கள் தீர்மானிக்கின்றன. அவற்றுள் முதன்மையானவை இரண்டு: விலை, பயன்படுத்துபவரின் வயது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே இயங்குகின்றன. ஒரே விலை கல்லூரி மாணவருக்கு வீண்செலவாகவும், நடுவயது வணிகருக்குக் கடைச்செலவில் ஒன்றாகவும், ஓய்வூதியம் பெறும் முதியவருக்கு நிம்மதிக்கான கட்டணமாகவும் தெரிகிறது. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், குரங்கணி பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளலாம்.

தடுப்பிக்கு விலை வந்த வரலாறு

தனிமேசைக் கணினிகளில் பரவலாகப் பரவிய முதல் நச்சுநிரலாகக் கருதப்படும் 'பிரெய்ன்' 1986-இல் வெளிவந்தது. பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் அதை எழுதினர். நெகிழ்வட்டுகளின் வழியே அது நாடு நாடாகப் பரவியது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் நச்சுநிரலை நீக்கும் மென்பொருள் விற்பனைப் பொருளானது.

இந்தியாவில் இத்தொழில் 1990-களின் தொடக்கத்தில் வேர்விட்டது. சென்னையில் கேசவர்த்தனன் கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தைத் தொடங்கினார். புனேயில் கணிப்பான்களையும் கணினிகளையும் பழுதுபார்த்துவந்த கைலாஷ் கட்கரும், நிரல் எழுதத் தெரிந்த அவருடைய தம்பி சஞ்சய் கட்கரும் குயிக் ஹீல் மென்பொருளை உருவாக்கினர். பழுதுபார்க்க வந்த கணினிகளில் நச்சுநிரல் இருப்பதைக் கண்டு, அதை நீக்க எழுதிய கருவிகளே பின்னர் விற்பனைப் பொருளாக வளர்ந்தன. அந்த நிறுவனம் 2016-இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

இந்த வரலாற்றின் தடம் இன்றும் மறையவில்லை. இந்தியாவின் சிறுநகரங்களில் தடுப்பியை விற்கும் முக்கிய இடம் கணினி பழுதுபார்க்கும் கடைதான். பெட்டியில் அச்சிட்ட விலை ஒன்றாகவும் கடையில் வாங்கும் விலை வேறாகவும் இருப்பது வழக்கம். வாங்குபவர் மென்பொருளுக்கு மட்டும் பணம் தருவதில்லை. கடைக்காரர் நிறுவிக் கொடுப்பதற்கும், பிறகு ஏதேனும் கோளாறு என்றால் வந்து பார்ப்பதற்கும் சேர்த்தே தருகிறார்.

2000-க்குப் பிறகு விலையின் போக்கு மாறியது. செக் நாட்டின் அவாஸ்ட் நிறுவனம் 2001-இல் வீட்டுப் பயனர்களுக்கு இலவசப் பதிப்பை வழங்கியது. சென்னையின் கே7 தொழில்நுட்பத்தைக் கொண்டு ஜப்பானின் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம், ஆண்டுதோறும் புதுப்பித்தல் கட்டணம் கேட்காத தடுப்பியை 2006-இல் விற்கத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2009-இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற இலவசத் தடுப்பியை வெளியிட்டது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற பெயரில் தடுப்பி இயங்குதளத்துடனேயே சேர்ந்து வந்தது. அதுவரை 'எதை வாங்குவது' என்றிருந்த கேள்வி, அதன்பின் 'வாங்கத்தான் வேண்டுமா' என்றானது.

வாங்கிய பின்னும் தரம் தெரியாத பொருள்

ஏலக்காயை வாங்குபவர் அதன் நிறத்தையும் பருமனையும் பார்க்கிறார். லிட்டர் எடை கேட்கிறார். தேவைப்பட்டால் ஒரு காயை உடைத்து முகர்ந்து பார்க்கிறார். தடுப்பியை வாங்குபவருக்கு இத்தகைய வழி எதுவும் இல்லை. ஓராண்டு முழுதும் கணினிக்கு ஒன்றும் நேரவில்லை என்றால், அது தடுப்பியின் திறமையாலா, தாக்குதலே வராததாலா என்று அவரால் சொல்ல முடியாது.

விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாத சந்தைகளைப் பற்றி ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை புகழ்பெற்றது. அதற்காக அவர் 2001-இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பழைய கார்ச் சந்தையை முன்வைத்து அவர் சொன்னது தடுப்பிச் சந்தைக்கும் பொருந்துகிறது. தரத்தை நேரில் அளக்க முடியாதபோது வாங்குபவர் வேறு அடையாளங்களைத் தேடுகிறார். விலை கூடுதலாக இருந்தால் தரமும் கூடுதலாக இருக்கும் என நம்புவது ஒன்று. தெரிந்தவர் சொல்வதை நம்புவது இன்னொன்று.

வயது இங்கேதான் குறுக்கிடுகிறது. இணையத்தில் தேடிப் படிக்கப் பழகிய இளையவர், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற சோதனை நிலையங்களின் முடிவுகளைக் கட்டணமின்றிப் பார்க்க முடியும். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர், ஏவி-டெஸ்ட் சோதனைகளில் பலமுறை முழு மதிப்பெண் பெற்றிருப்பதை அவர் தெரிந்துகொள்வார். அம்முடிவுகள் ஆங்கிலத்தில் இருப்பதாலும் அவற்றைத் தேடும் பழக்கம் இல்லாததாலும், மூத்தவர் விலையையும் மனிதரையுமே அளவுகோலாகக் கொள்கிறார்.

நகரில் கணினி, மலையில் கைப்பேசி

போடிநாயக்கனூர் இந்தியாவின் முக்கிய ஏலக்காய் வணிக மையங்களுள் ஒன்று. இங்கு வாய்மொழியாக விலை கூறி நடந்துவந்த ஏலம், நறுமணப் பொருள் வாரியத்தின் முயற்சியால் 2007-இல் மின்னணு ஏலமாக மாறியது. 2021 ஜனவரியில் போடிநாயக்கனூர் மையத்தையும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள புற்றடி மையத்தையும் இணைக்கும் மேகக்கணிமை வழி ஏலம் தொடங்கப்பட்டது. ஏலம் மட்டுமன்றி, கணக்கெழுதுதல், சரக்கு சேவை வரித் தாக்கல், வங்கிப் பரிமாற்றம் ஆகியவையும் கணினிக்கு வந்துவிட்டன.

அங்கிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், கொழுக்குமலைக்குச் செல்லும் நடைவழியில் குரங்கணி இருக்கிறது. ஏலக்காய், காப்பி, மிளகு விளையும் மலைச்சரிவு அது. இத்தகைய மலைச் சிற்றூர்களில் பலருக்குக் கைப்பேசிதான் முதல் கணினி, ஒரே கணினியும் அதுவே. ஆகவே நகரில் கேட்கப்படும் 'எந்தத் தடுப்பியை வாங்கலாம்' என்ற கேள்வி மலையில் அப்படியே எழுவதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கூகுள் பிளே புரொடெக்ட் என்ற பாதுகாப்பு 2017 முதல் கட்டணமின்றியே சேர்ந்து வருகிறது. மலையில் ஒருவரைக் காப்பதோ கைவிடுவதோ, அவர் எதை நிறுவச் சம்மதிக்கிறார் என்பதுதான்.

இளையோர்: விலை பூச்சியம்

தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம், வீட்டில் அதுவரை கணினியே இல்லாத மாணவர் பலரின் கைக்கு மடிக்கணினி வந்தது. அக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. விண்டோஸுக்கென எழுதப்பட்ட நச்சுநிரல்கள் லினக்ஸில் நேரடியாக இயங்குவதில்லை. ஆனாலும் பழகிய விண்டோஸையே நாடுவோர் மிகுதி.

அக்காலத்தில் முதன்மையான ஆபத்து பென்டிரைவ். பிரவுசிங் சென்டரில் அச்செடுக்கவும், நண்பரிடம் திரைப்படம் வாங்கவும் கைமாறிய பென்டிரைவ்கள், செருகியவுடன் தானாக இயங்கும் வசதி வழியே நச்சுநிரலைப் பரப்பின. 2008-இல் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் புழுவும் இவ்வழியைப் பயன்படுத்தியது. விண்டோஸ் 7-இல் மைக்ரோசாஃப்ட் இவ்வசதியைப் பென்டிரைவ்களுக்கு நிறுத்தியது. 2011-இல் பழைய பதிப்புகளுக்கும் அதை நிறுத்தும் இலவசப் புதுப்பிப்பை அனுப்பியது. காசு கொடுத்து வாங்கிய தடுப்பிகள் ஒவ்வொரு பென்டிரைவாகத் துரத்திய தொல்லையை, கட்டணமில்லாத ஒரு புதுப்பிப்பு வேரிலேயே பெரிதும் குறைத்தது.

இன்றைய மாணவர் தடுப்பிக்குப் பணம் தருவது அரிது. இயங்குதளத்தில் உள்ளதே போதும் என்பது அவர் முடிவு. வீட்டுக் கணினிக்கு அது பெரும்பாலும் தவறான முடிவு அல்ல. அவருடைய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. விலை கொடுக்க மனமில்லாத இன்னொரு மென்பொருளையோ விளையாட்டையோ திருட்டுப் பதிப்பாக இறக்கும்போது, 'முதலில் தடுப்பியை அணைத்துவிடுங்கள்' என்ற குறிப்பு அதனுடன் வருகிறது. அவரும் அணைத்துவிடுகிறார். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறப்பது போன்றது இது. கட்டணத் தடுப்பியையே திருட்டுப் பதிப்பாக நிறுவுவது இதனினும் கேடு. பூட்டு வாங்கிய இடத்திலேயே கள்ளச்சாவியும் இருக்கிறது.

நடுவயதினர்: இழப்பை வைத்து விலை

தொழில் நடத்தும் வயதினர் விலையை இழப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஓராண்டுச் சந்தாவும் 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் சேர்ந்தாலும், கணக்குக் கோப்புகளை இழப்பதோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து கண்காணிப்பது, பிரச்சினை வந்தால் அழைக்க ஓர் ஆள் இருப்பது ஆகியவை வணிகருக்கு உண்மையான பயன்கள். மேலும், இலவசப் பதிப்புகள் பலவற்றின் உரிமம் வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது. அலுவலகத்தில் அவற்றை நிறுவுவது உரிம மீறல்.

ஆனால், பணம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பது இவ்வயதினரின் பிழை. 2017 மே 12 அன்று வானாகிரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை, ஆதரவிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. கணினி வேகம் குறையும், வேலை கெடும் என்று புதுப்பிப்பை நிறுத்தி வைத்திருந்த அலுவலகங்கள் மாட்டிக்கொண்டன. கோப்புகளின் நகலைத் தனி வட்டில் எடுத்துக் கழற்றி வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். புதுப்பிப்புக்கு விலை இல்லை. ஒரு வன்தட்டுக்கு ஆகும் செலவும் ஒருமுறைதான்.

முதியோர்: தேர்வு பிறர் கையில்

முதியவர்கள் பலர் தடுப்பியைத் தாமே தேர்ந்தெடுப்பதில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகனோ மகளோ, கடைக்காரரோ, வங்கியில் வரிசையில் நின்ற தெரிந்தவரோ தேர்ந்தெடுக்கிறார். சேமிப்பும் ஓய்வூதியமும் ஒரே கணக்கில் இருப்பதால் இழப்பின் அச்சம் இவர்களுக்கு அதிகம். அதை மீண்டும் ஈட்டும் காலமும் இல்லை. எனவே விலை கொடுக்கத் தயங்குவதில்லை. பணம் கட்டியிருக்கிறோம் என்பதே ஒரு தைரியம்.

இந்த மனநிலையை மோசடிக்காரர்கள் நன்கு அறிவார்கள். 'உங்கள் கணினியில் நச்சுநிரல் உள்ளது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரை முழுதும் சிவப்பாகத் தோன்றும் அறிவிப்பு, 'உங்கள் தடுப்பி புதுப்பிக்கப்பட்டது, இத்தனை ஆயிரம் கழிக்கப்படும்' என்ற போலி மின்னஞ்சல் ஆகியவை பாதுகாப்பின் பெயராலேயே வலைவீசுகின்றன. தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் நடக்கும் இத்தகைய மோசடியில், 60 வயதைக் கடந்தோர் இளையோரைவிடப் பலமடங்கு அதிகமாகப் பணம் இழப்பதை அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கூட்டாட்சி வணிக ஆணையத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. தடுப்பிக்காகக் காசு கொடுக்கத் தயாராக இருப்பவரே போலித் தடுப்பிக்கும் காசு கொடுக்கக்கூடியவர்.

இரண்டாம் ஆண்டின் விலையும் இலவசத்தின் விலையும்

தடுப்பியின் விலையைப் பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாது. முதலாண்டுக்குப் பெரிய தள்ளுபடி தந்து, அடுத்த ஆண்டு முழு விலையைத் தானாக அட்டையிலிருந்து எடுக்கும் முறை இத்துறையில் பரவலானது. பிரிட்டனின் போட்டி, சந்தைகள் ஆணையம் இதை விசாரித்ததன் விளைவாக, 2021-இல் மெக்காஃபி, நார்ட்டன் ஆகிய இரு நிறுவனங்களும் தானியங்கிப் புதுப்பித்தலில் பணம் திருப்பித் தரும் விதிகளைத் தளர்த்த ஒப்புக்கொண்டன.

இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல், தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்புவதைக் கட்டாயமாக்கின. ஆனால் 2022 முதல் 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. வீட்டுத் தடுப்பியின் சந்தா பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் வரும். ஆக, ஒரு குறுஞ்செய்தியைப் படிக்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்தே அப்பணம் போவதும் நிற்பதும் அமைகிறது. வங்கிக் குறுஞ்செய்திகளைப் படிக்கத் திணறும் முதியவருக்கு இதுவே உண்மையான விலை உயர்வு.

இலவசத்துக்கும் விலை உண்டு. சில இலவசத் தடுப்பிகள் கட்டணப் பதிப்பை வாங்கச் சொல்லி அடிக்கடி திரையில் குறுக்கிடும். அவாஸ்ட் தன் பயனர்களின் இணைய உலாவல் தரவுகளை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியே விற்றுவந்தது 2020 ஜனவரியில் செய்தியாக வெளிவந்தது. ஜம்ப்ஷாட் உடனே மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் இதற்காக அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்றது. காவலுக்கு வைத்த மென்பொருளே வீட்டுச் செய்தியை வெளியே விற்றதுதான் இந்நிகழ்வின் பாடம்.

எந்த விலையும் காக்காத இடம்

அண்மை ஆண்டுகளில் வாட்ஸாப் வழியே வரும் ஏபிகே கோப்புகள் பெரும் தொல்லையாகியுள்ளன. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சீட்டு, பிஎம் கிசான் உதவித்தொகை, வங்கி விவரம் புதுப்பித்தல் என்று ஏதேனும் ஒரு பெயரில் கோப்பு வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வருவதும் உண்டு. அவருடைய கைப்பேசி ஏற்கெனவே பறிபோயிருக்கும். கோப்பை நிறுவினால் அது குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைப் பெற்று, வங்கி அனுப்பும் ஓடிபியைத் திருடுகிறது.

இங்கே தடுப்பி எச்சரித்தாலும், 'பரவாயில்லை, நிறுவு' என்று அழுத்துவது பயனரின் விரல். 'டிஜிட்டல் கைது' என மிரட்டிப் பணம் பறிக்கும் காணொலி அழைப்புகளில் பெரும்பாலும் தீநிரலே இருப்பதில்லை. அவற்றைப் பிடிக்க எந்தத் தடுப்பியாலும் இயலாது. பிரதமர் 2024 அக்டோபரில் தம் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரிக்கும் அளவுக்கு இம்மோசடி பரவியிருந்தது. ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர் உதவித்தொகைச் செய்தி என்று நம்பி அழுத்தும் ஒரு கோப்பில், அவருடைய பல மாதக் கூலி போய்விடக்கூடும். அதற்கு அவர் எந்தத் தடுப்பியும் வாங்காதது காரணம் அல்ல. வாங்கியிருந்தாலும் அது தடுத்திருக்கும் என்ற உறுதியும் இல்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

எவ்வயதினருக்கும் முதற்படி, இயங்குதளத்தைப் புதுப்பித்த நிலையில் வைத்திருப்பது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத பழைய கணினிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவதில்லை. அத்தகைய கணினிக்கு விலையுயர்ந்த தடுப்பி வாங்குவது, கூரை ஒழுகும் வீட்டுக்குக் கதவு மாற்றுவதை ஒக்கும். பழைய கணினியில் லினக்ஸ் நிறுவுவது செலவில்லாத மாற்று வழி.

ஒரு கணினியில் ஒரு தடுப்பி போதும். இரண்டை ஒருசேர இயக்கினால் ஒன்றையொன்று இடையூறு செய்யும், கணினியும் மந்தமாகும். தீநிரல் புகுந்துவிட்டதாக ஐயம் இருந்தால், இந்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா மூலம் நீக்கும் கருவிகளை இலவசமாகப் பெறலாம். செர்ட்-இன் அமைப்பின்கீழ் 2017-இல் தொடங்கிய இம்மையம், கே7, குயிக் ஹீல், ஈஸ்கேன் ஆகிய நிறுவனங்களுடன் இணைந்து இவற்றை வழங்குகிறது.

விலை கொடுத்து வாங்குவோர் கடையிலேயே மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. அடுத்த ஆண்டு விலை எவ்வளவு? பணம் தானாக எடுக்கப்படுமா? பிரச்சினை என்றால் தமிழில் பேச யார் இருக்கிறார்? மூன்றாம் கேள்விக்கு நல்ல விடை இருந்தால், முதியவர் கொடுக்கும் கட்டணம் வீண் அல்ல.

பெற்றோருக்காகத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள், மென்பொருளை நிறுவியதோடு நிற்காமல், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் செயலிகளை நிறுவும் அனுமதியை அவர்களின் கைப்பேசியில் அணைத்துவைக்கலாம். சேமிப்பு இருக்கும் கணக்கையும், கைப்பேசியில் இணைத்த கணக்கையும் தனித்தனியாகப் பிரிக்கலாம். பணம் பறிபோனால் 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் முடக்கும் வாய்ப்பு கூடும். அந்த எண்ணை வீட்டுச் சுவரில், நாள்காட்டியின் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

சுருக்கமாகச் சொன்னால், இளையவர் விலையைப் பார்த்து விலகுகிறார், மூத்தவர் விலையைப் பார்த்து நம்புகிறார். இரண்டுமே தரத்தை அளக்கும் வழி அல்ல. இளையவருக்குத் தேவை, இருக்கும் பாதுகாப்பை அணைக்காத ஒழுங்கு. வணிகருக்குத் தேவை, புதுப்பிப்பும் நகலும். முதியவருக்குத் தேவை, அழுத்துவதற்கு முன் தயங்காமல் கேட்கக்கூடிய ஒரு மனிதர்.